மோன் பிளாங் மலைச்சுற்று: அறுபதைக் கடந்தவர் விரைந்து நடப்பதா, நாள் எடுத்து நடப்பதா?

களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று நமது கரையோர ஊர்கள் பலவற்றில், பிள்ளைகள் சுவிற்சர்லாந்திலோ பிரான்ஸிலோ வாழ, தாங்கள் மட்டும் ஊரில் இருக்கும் ஓய்வூதியர்கள் இருக்கிறார்கள். கோடையில் பிள்ளைகளிடம் போய் வருகின்ற இவர்களுள், கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போய்ப் பழகிய சிலருக்கு நான்கு சுவருக்குள் மூன்று மாதம் இருக்க மனம் ஒப்புவதில்லை. அல்ப்ஸ் மலையிலுள்ள மோன் பிளாங் மலைத்தொகுதியைச் சுற்றிச் செல்லும் நீண்ட பாதையை ஒரு தடவை நடந்துவிட வேண்டும் என்கிறார்கள். பிள்ளைகளோ, ஐந்தாறு கிலோ எடையுள்ள சிறு பையுடன் ஓட்டமும் நடையுமாக ஆறேழு நாளில் சுற்றை முடிக்கும் ஃபாஸ்ட்பேக்கிங் முறையைச் சொல்கிறார்கள். “அறுபத்தைந்து வயதில் அது நமக்குச் சரிவருமா, அல்லது ஆறுதலாகப் பதினொரு நாள் நடப்பதா, அல்லது பொதியை வண்டியில் அனுப்பிவிட்டு நடப்பதா?” என்பதே என்னிடம் வரும் கேள்வி. இவை ஒவ்வொன்றையும் ஒரே அளவுகோல்களால் எடைபோட்டுப் பார்ப்பதற்காக இதனை எழுதுகிறேன்.

## பாதை எத்தகையது

இந்தச் சுற்றுப் பாதையின் நீளம் ஏறத்தாழ 170 கிலோமீட்டர். பிரான்ஸ், இத்தாலி, சுவிற்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளுக்கூடாகச் சென்று தொடங்கிய இடத்துக்கே அது திரும்புகிறது. பிரான்ஸின் ஷமொனி பள்ளத்தாக்கிலுள்ள லே ஊஷ் கிராமத்தில் தொடங்கி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் நடந்து 10 அல்லது 11 நாளில் முடிப்பதே பெரும்பாலானோரின் வழக்கம். பாதை மோன் பிளாங்கின் உச்சிக்குப் போவதில்லை; ஒரு பள்ளத்தாக்கிலிருந்து ஏறி, கணவாயைக் கடந்து, அடுத்த பள்ளத்தாக்கில் இறங்கி, மறுநாள் மீண்டும் ஏறுவதாகவே முழுச் சுற்றும் அமைந்திருக்கிறது. ஏறும் உயரங்களை எல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 10,000 மீட்டர் வரும். தொடங்கிய இடத்துக்கே திரும்புவதால் இறக்கமும் அதே 10,000 மீட்டர்தான். நம்மவர் பலர் ஏற்றத்தை மட்டும் எண்ணிப் பயப்படுகிறார்கள். முதிய உடலுக்கு இறக்கமே கூடுதலான வேலை.

உயரத்தை நமக்குப் பழகிய அளவில் சொல்வதானால், இலங்கையின் அதியுயர் மலையான பீதுருதாலகாலவின் உயரம் 2,524 மீட்டர். இத்தாலியிலிருந்து சுவிஸுக்குள் நுழையும் கிரான்ட் கொல் ஃபெரே கணவாய் 2,537 மீட்டர். இரவு தங்கும் இடங்கள் பெரும்பாலும் இதைவிடத் தாழ்வில் இருப்பதால் கடும் மலைநோய் இங்கே பெரிய அச்சம் அல்ல. எனினும் கடல்மட்டத்திலேயே வாழ்ந்தவருக்குக் கணவாய் அருகே மூச்சு வாங்கும். அங்கே கால் தானாகவே மெதுவாகும் என்பதை நேரக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

## எவற்றைக் கொண்டு எடைபோடுவது

முதல் அளவுகோல், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் காலில் நிற்க வேண்டியிருக்கும் என்பது. 1892 இல் ஸ்கொட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் வகுத்த விதி இன்றும் பயன்படுகிறது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். இது திடமான ஒருவரின் ஓய்வில்லாத நடைக்கான கணக்கு. அறுபதைக் கடந்தவர் இளைப்பாறுவதற்கும் இறக்கத்தில் நிதானிப்பதற்கும் அதில் பாதியைக் கூட்டிக்கொள்வது நியாயம் என்று கருதுகிறேன்.

இரண்டாவது, இறக்கமும் முழங்காலும். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. பழகாத தசையில் இது நுண்ணிய சிதைவை உண்டாக்குகிறது. அந்த வலி அன்றே உச்சமடையாமல் ஓரிரு நாள் கழித்தே உச்சத்துக்கு வருகிறது. ஆதலால் முதல் நாள் மாலையில் “பரவாயில்லை” என்று சொல்பவர் மூன்றாம் நாள் காலையில் படியிறங்கச் சிரமப்படுகிறார்.

மூன்றாவது, வழியில் நிறுத்திக்கொள்ளும் வசதி. மழை, இடி, காய்ச்சல், கொப்புளம் ஆகியவற்றுள் எது வந்தாலும் திட்டம் உடையாமல் ஒரு நாள் தரிக்க முடிகிறதா என்பதை முதியவர் முன்கூட்டியே பார்க்க வேண்டும். நான்காவது பணம், வெளியே தெரியும் கட்டணத்தைவிட உள்ளே மறைந்திருக்கும் செலவுகளே இதில் முக்கியம். ஐந்தாவது உணவும் மருந்தும்.

கதிர்காம யாத்திரை இந்த அளவுகோல்களில் எவற்றுக்கு நம்மைத் தயார்ப்படுத்துகிறது என்பதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். உகந்தையில் காட்டுப்பாதை திறந்தபின் கூமுனை, கும்புக்கன் ஆறு, யால வழியே நாள்கணக்கில் நடந்தவருக்கு வெயிலும், தரையில் படுப்பதும், கிடைத்ததை உண்பதும், கூட்டத்தின் வேகத்துக்கு ஒத்து நடப்பதும் கைவந்தவை. விடியுமுன் புறப்பட்டு வெயில் ஏறுமுன் தரிக்கும் அந்த ஒழுங்கு அல்ப்ஸ் மலையில் அப்படியே பொருந்தும். அங்கே கோடையில் இடிமின்னல் பெரும்பாலும் பிற்பகலிலேயே வருவதால், நண்பகலுக்குமுன் கணவாயைக் கடந்துவிடுவதே பாதுகாப்பு. ஆனால் யாத்திரைப் பாதை பெரும்பாலும் சமதரை. எத்தனை வருடம் அதில் நடந்திருந்தாலும் ஆயிரம் மீட்டர் இறக்கத்தைத் தாங்கும் தசை அதனால் உருவாவதில்லை.

## முதல் வழி: இலகுசுமையுடன் விரைநடை, 6 அல்லது 7 நாள்

இம்முறையின் அடிப்படை, வேண்டாததை எல்லாம் விட்டுவிடுவது. ஒரு மாற்றுடை, மழைச்சட்டை, மெல்லிய குளிராடை, நடைக்காரர் இரவு தங்கும் மலைக்குடிலில் விரிக்கும் படுக்கையுறை, மருந்து, தண்ணீர், சிறிது உலருணவு ஆகியவற்றுக்கு மேல் பையில் எதுவும் இருக்காது. கனத்த மலைச் சப்பாத்துக்குப் பதிலாக இலகுவான ஓட்டச் சப்பாத்தை அணிகிறார்கள். சமதளத்திலும் மென்மையான இறக்கத்திலும் ஓடி, ஏற்றத்தில் விரைந்து நடக்கிறார்கள்.

எடை குறைவதன் நன்மை முதியவருக்கே அதிகம் என்பதில் எனக்கு ஐயமில்லை. முதுகில் குறையும் ஒவ்வொரு கிலோவும் ஒவ்வோர் இறக்கப் படியிலும் முழங்காலுக்குக் குறைகிறது. இம்முறையின் இந்தப் பாதியை யாரும் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். சிக்கல் மற்றப் பாதியான நாள்கணக்கில் இருக்கிறது. ஆறு நாளில் முடிப்பதென்றால் நாளொன்றுக்கு 28 கிலோமீட்டரும் 1,650 மீட்டர் ஏற்றமும் வரும். நெய்ஸ்மித் விதிப்படி இது எட்டரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. முதியவருக்கான பாதியைக் கூட்டினால் பன்னிரண்டரை மணி நேரம். ஜூலையில் அங்கே இரவு ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும் என்பதால் இருட்டு ஒரு தடை அல்ல. ஆனால் மலைக்குடில்களில் காலை உணவு ஆறரை, ஏழு மணி அளவிலும், இரவுணவு மாலை ஆறரை, ஏழு மணிக்கு எல்லாருக்கும் ஒன்றாகவும் பரிமாறப்படுவது வழக்கம். ஏழு மணிக்குப் புறப்பட்டுப் பன்னிரண்டரை மணி நேரம் நடப்பவர், பணம் கட்டிய இரவுணவை இழந்து, பசியோடு படுத்து, மறுநாளும் அதே தூரத்தைத் தொடங்க வேண்டும். இளையவர் எட்டு மணி நேரத்தில் வந்து இளைப்பாறிவிடுகிறார். அதே திட்டம் முதியவரின் காலில் நான்கு மணி நேரம் நீண்டுவிடுகிறது. வேகமாக முடிப்பதற்காக வகுத்த முறை முதியவரை நாள் முழுவதும் காலில் நிறுத்திவிடுகிறது என்பதே இதில் பலர் கவனிக்காத உண்மை.

மருந்து எடுப்பவர்கள் இங்கே கூடுதலாக எண்ண வேண்டும். நம்மில் அறுபதைக் கடந்த பலரிடம் கிளினிக் கொப்பி இருக்கிறது. அட்டனோலோல், பைசோப்ரோலோல் போன்ற மாத்திரைகள் இதயத் துடிப்பைத் தாழ்த்தியே வைத்திருப்பவை. கைக்கடிகாரம் காட்டும் துடிப்பைப் பார்த்து “இன்னும் வேகம் கூட்டலாம்” என்று நினைப்பது இவர்களுக்குப் பொருந்தாது. வயது ஏற ஏறத் தாக உணர்வும் மங்குகிறது; சிறுநீர்ப் பெருக்கி மாத்திரையோ லொசாட்டன் போன்ற பிரஷர் மாத்திரையோ எடுப்பவர், நாள் முழுவதும் வியர்த்துத் தண்ணீர் குறைந்த உடலோடு முழங்கால் வலிக்கு டைக்குளோபினாக், இபுபுரோபன் போன்றவற்றையும் விழுங்கினால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். விரைநடையில் வலி மாத்திரையின் தேவை அதிகம். அதனை எடுக்கக் கூடாத உடல்நிலையும் அங்கேயே அதிகம். நீரிழிவுக்கு இன்சுலின் அல்லது கிளிக்கிளசைட் எடுப்பவர்களுக்கு நீண்ட விரைநடையில் சீனி திடீரென இறங்கக்கூடும். புறப்படுமுன் மருத்துவரிடம் திட்டத்தை நாள்வாரியாகச் சொல்லி, மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா என்று கேட்பது கட்டாயம்.

மறைந்த செலவுகளும் உண்டு. குடில் இரவுகள் நான்கு குறைவதால் பணம் மிச்சம் என்பது மேலோட்டமான கணக்கு. இலகுவான ஆடை, பை, சப்பாத்து ஆகியவை எடை குறையக் குறைய விலை கூடுபவை. ஊரில் அவை எளிதில் கிடைப்பதில்லை. ஒரு நாள் பிந்தினாலும் அடுத்தடுத்த முன்பதிவுகள் எல்லாம் தவறும். ஈரமான கல்லில் விரைந்து இறங்கி வழுக்கினால் வரக்கூடிய செலவுக்கு எல்லையே இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகும், விரைநடை பொருந்தக்கூடிய முதியவர் இருக்கிறார்கள். பல ஆண்டுகளாக ஓட்டப் பயிற்சியை விடாதவர், மலையிறக்கத்தில் முழங்கால் நோவு அறியாதவர், சுவிஸிலோ பிரான்ஸிலோ ஆண்டு முழுவதும் வசித்து வாரந்தோறும் மலையேறுபவர், தன் வேகத்தை ஒத்த துணையுள்ளவர் ஆகியோர் ஏழு நாள் திட்டத்தை எண்ணலாம். ஊரிலிருந்து நேரே விமானத்தில் போய் இறங்குபவருக்கு ஆறு நாள் திட்டத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## இரண்டாம் வழி: குடிலுக்குக் குடில், 10 அல்லது 11 நாள்

பதினொரு நாளில் நடப்பவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டரும் 900 மீட்டர் ஏற்றமும் வரும். முதியவர் கணக்கில் ஏழு மணி நேரம். ஏழு மணிக்குப் புறப்பட்டு இரண்டு மணிக்குக் குடிலை அடைந்துவிடலாம் என்பதால் பிற்பகல் இடிமழைக்கு முன்னரே கூரைக்கடியில் இருக்கலாம். உடை கழுவிக் காயவைக்கவும், காலை நீட்டி வைக்கவும், இத்தாலிப் பக்கத்துப் பொன்னத்தி குடிலின் முன்னால் அமர்ந்து எதிரே நிற்கும் கிரான்ட் ஜோராஸ் சிகரங்களைப் பார்க்கவும் நேரம் இருக்கும். அந்தப் பார்வைக்காகவே நடக்கிறோம் என்பதால் இதனைச் சிறு நன்மை என்று தள்ளிவிட முடியாது.

குடில்களில் கூட்டறையில் படுத்து, இரவுணவும் காலையுணவும் சேர்த்து ஓரிரவுக்கு 60 முதல் 90 யூரோ வரை எண்ணிக்கொள்ளலாம். சுவிஸ் பகுதியில் பிராங்கில் கூடுதலாக வரும். பத்து இரவுக்கு இது கணிசமான தொகை. தண்ணீர்ப் போத்தல், பிற்பகல் சிற்றுண்டி, சில குடில்களில் சுடுநீர்க் குளிப்புக்குத் தனிக் கட்டணம் ஆகியன சேர்ந்துகொண்டே போகும். கூட்டறையில் குறட்டைக்கும் நள்ளிரவு நடமாட்டத்துக்கும் தூக்கம் கலைவது முதியவருக்குப் பெரிய இழப்பு. இரவில் பலமுறை சிறுநீருக்கு எழுபவர் கதவருகே கீழ்க்கட்டிலைக் கேட்டுப் பெற வேண்டும். நடுவே சுவிஸின் ஷாம்பே, இத்தாலியின் கூர்மயர் போன்ற ஊர்களில் ஓரிரவு தனியறை எடுப்பது வீண்செலவு அல்ல.

உணவில், ரொட்டி, சூப், பாஸ்தா, பொலென்டா என்னும் சோளமாக் களி, சீஸ் ஆகியவையே மாறி மாறி வரும். மாட்டிறைச்சி உண்ணாதவர்களும் ஹலால் பார்க்கும் முஸ்லிம் அன்பர்களும் முன்பதிவின்போதே மரக்கறி உணவு வேண்டும் என்று எழுதிவிட்டால் சங்கடம் இல்லை. காரமின்றி நாக்கு சலித்துவிடும் என்பவர்கள் சிறிது மிளகுத்தூளும் ஊறுகாயும் கொண்டுபோகலாம். பகலில் வழித்துணையாக எள்ளுருண்டையையும் பனங்கட்டியையும் மிஞ்சிய உணவு அங்கே எந்தக் கடையிலும் இல்லை.

இவ்வழியின் உண்மையான குறை, பத்து இரவுகளையும் பல மாதம் முன்னரே தேதி தேதியாகப் பதிவு செய்ய வேண்டியிருப்பது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பெயர்பெற்ற குடில்கள் வெகு முன்னரே நிரம்பிவிடுகின்றன. ஆயினும் ஏழு மணி நேர நாளில், ஒரு காலை மழைக்காக மூன்று மணி நேரம் பொறுத்துப் புறப்பட்டாலும் அன்றே அடுத்த குடிலைச் சேரலாம். பன்னிரண்டரை மணி நேர நாளில் அந்த இடைவெளி இல்லை.

## மூன்றாம் வழி: பொதி வண்டியில், நாம் நடையில்

பொதியை ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்கு வண்டியில் கொண்டுசேர்க்கும் சேவைகள் உள்ளன. தண்ணீரும் மழைச்சட்டையும் மட்டும் முதுகில் இருக்கும். வேண்டுமானால் கடினமான அல்லது சலிப்பான துண்டுகளைப் பேருந்திலோ கேபிள் காரிலோ தாண்டலாம். லே ஊஷிலிருந்து பெல்வ்யூ கேபிள் கார் முதல் ஏற்றத்தைத் தவிர்க்கிறது. கூர்மயருக்கு இறங்கும் செங்குத்தான சரிவை, கேபிள் கார் ஓடும் நாள்களில், செக்ரூயியிலிருந்து அதிலேயே கடக்கலாம். சுவிஸில் லா ஃபுலியிலிருந்து ஓர்சியேர் ஊடாக ஷாம்பே வரை அஞ்சல் பேருந்துகள் செல்கின்றன. கூர்மயருக்கும் ஷமொனிக்கும் இடையே மோன் பிளாங் சுரங்கம் திறந்திருக்கும் நாள்களில் அதன் வழியாகப் பேருந்து உண்டு என்பதை எந்த வழியைத் தெரிவு செய்பவரும் நினைவில் வைத்திருக்க வேண்டும். சுற்றின் நடுவே உடல் முடியாமற்போனால் சில மணி நேரத்தில் பிள்ளைகளின் வீட்டை நோக்கித் திரும்பிவிடலாம்.

இதிலுள்ள மறைந்த விலை, வண்டி போகாத குடில்களில் தங்க முடியாமை. பொன்னத்தி, குறுவா து போனொம் போன்ற உயரத்துக் குடில்களை விட்டு, ஒவ்வொரு நாளும் பள்ளத்தாக்கின் அடிவரை இறங்கி, மறுநாள் அங்கிருந்து ஏற வேண்டியிருக்கும். அதாவது பையின் எடை குறைகிறது, இறக்கம் கூடுகிறது. முழங்கால் நோவுக்காகவே இவ்வழியைத் தெரிவு செய்பவர், இறங்கும் துண்டுகளில் பேருந்தையும் கேபிள் காரையும் பயன்படுத்தத் துணிந்தால்தான் பயன் கிடைக்கும். “முழுச்சுற்றையும் காலால் நடந்தேன்” என்று சொல்ல விரும்புபவருக்கு அது மனத்தடையாக இருக்கலாம். யாத்திரையில் நடுவழியில் வாகனம் ஏறியவரை நாம் யாரும் குறைத்துப் பேசுவதில்லை. இங்கும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். விடுதித் தனியறைக்கும் பொதிச் சேவைக்குமாகச் செலவு எல்லா வழிகளிலும் இதற்கே அதிகம்.

கணவன் மனைவியாகப் போகும்போது ஒருவருக்கு நடை இயலும், மற்றவருக்கு இயலாது என்றால் இதைவிடச் சிறந்த வழி இல்லை. ஒருவர் கணவாயைக் கடந்து வர, மற்றவர் பேருந்தில் வந்து அதே விடுதியில் சந்திக்கலாம்.

## நான்காம் வழி: கூடாரம்

செலவு குறைவு என்பதற்காக இளையவர்கள் சொல்லும் இவ்வழியை அதிகம் ஆராயத் தேவையில்லை. கூடாரம், படுக்கை, அடுப்பு எல்லாம் சேர்ந்தால் பை 12 கிலோவைத் தாண்டும். இத்தாலியின் ஆவோஸ்தா பள்ளத்தாக்கில் 2,500 மீட்டருக்குக் கீழே கண்ட இடத்தில் கூடாரம் அடிப்பது தடை. சுவிஸ் பகுதியிலும் அனுமதிக்கப்பட்ட முகாமிடங்களையே நாட வேண்டும். குளிர்ந்த தரையில் பத்து இரவு படுத்தெழும் உடல் உள்ளவருக்கும், முன்பதிவே செய்யாமல் கடைசி நேரத்தில் போகிறவருக்கும் மட்டுமே இது பொருந்தும்.

## ஒரே பார்வையில்

| | விரைநடை | குடிலுக்குக் குடில் | பொதி வண்டியில் | கூடாரம் |
|---|---|---|---|---|
| நாள்கள் | 6–7 | 10–11 | 8–11, தாண்டும் துண்டுகளைப் பொறுத்து | 10–12 |
| நாளொன்றுக்கு ஏற்றம் | 1,430–1,650 மீ. | 900–1,000 மீ. | நாமே குறைத்துக்கொள்ளலாம் | 830–1,000 மீ. |
| முதியவர் கணக்கில் நடைநேரம் | 11–12½ மணி | 7–7½ மணி | 4–7½ மணி | 7–7½ மணியும் அதற்கு மேலும் |
| பையின் எடை | 5–6 கிலோ | 7–9 கிலோ | 3–4 கிலோ | 12 கிலோவுக்கு மேல் |
| மறைந்த விலை | தவறும் இரவுணவு, விலைகூடிய கருவிகள், பிந்தினால் உடையும் பதிவுகள் | கலையும் தூக்கம், மாதங்களுக்கு முந்திய பதிவு | கூடுதல் இறக்கம், தனியறைக் கட்டணம் | சுமை, சட்டத் தடை |
| யாருக்கு | ஓட்டப் பயிற்சியுள்ள, மலை பழகியவர் | யாத்திரை பழகிய, முழங்கால் நலமானவர் | முழங்கால் நோவுள்ளவர், வேகம் ஒவ்வாத இணையர் | திடகாத்திரமான, பதிவில்லாமல் போகிறவர் |

## விரைநடையின் பையும் நிதான நடையின் நாள்களும்

மேலே உள்ள நிரல்களில் ஒன்றை முழுமையாக எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. யாத்திரை பழகிய, முழங்கால் நலமான நமது வயதினருக்கு நான் சொல்வது, விரைநடைக்காரரின் ஐந்தாறு கிலோ பையை எடுத்துக்கொண்டு, குடில்நடைக்காரரின் பத்து நாளில் நடப்பதே. சுமையைக் குறைப்பது முழங்காலுக்கு நேரடியான நன்மை. நாளைக் குறைப்பதால் நமக்குக் கிடைப்பதோ நான்கு இரவுக் கட்டணம் மட்டும்தான். மூன்று மாத விசாவில் இருக்கும் ஓய்வூதியருக்கு அந்த நான்கு நாள் பஞ்சமும் இல்லை. வேலைக்குத் திரும்ப வேண்டிய மகனுக்கோ மகளுக்கோ உரிய நேர நெருக்கடியை நாம் ஏன் நமதாக்கிக்கொள்ள வேண்டும்? அவர்களோடு சேர்ந்து நடக்க ஆசை இருந்தால், அவர்களின் விடுமுறைக்கு ஏற்ற நான்கைந்து நாள் துண்டை ஒன்றாக நடந்து, மீதியைத் துணையொருவருடன் நிதானமாக முடிக்கலாம்.

இலகுப் பையில் மூன்று பொருள்களை மட்டும் விடக் கூடாது. முதலாவது, இரண்டு நடைக்கோல்கள். இறக்கத்தில் முழங்காலின் பாரத்தைக் கைகளுக்குப் பகிர்பவை அவையே. இரண்டாவது, உண்மையான மழைச்சட்டையும் குளிராடையும். கோடையிலும் கணவாயில் பனி விழும் நாள்கள் உண்டு, மெலிந்த முதிய உடல் விரைவில் வெப்பத்தை இழக்கிறது. மூன்றாவது மருந்து, கிளினிக்கில் கடதாசி உறையில் தரும் மாத்திரைகளை அப்படியே கொண்டுபோகாமல், மருந்தின் பெயர் அச்சிட்ட அட்டைகளாக வாங்கி, மருத்துவரின் ஆங்கிலக் கடிதத்தோடு கைப்பையில் வைக்க வேண்டும்.

பாதையிலேயே சில இடங்களில் தெரிவு உண்டு. அங்கெல்லாம் எளிதானதை எடுப்பதே சரி. ஷாம்பேயிலிருந்து த்ரியானுக்குப் போக ஃபெனெத்ர் தார்பெட் என்ற 2,665 மீட்டர்க் கற்குவியல் வழியும், போவீன் மேய்ச்சல் நிலத்து வழியும் உள்ளன. போவீன் வழியே போதும். ஷமொனிக்கு எதிர்ப்புறச் சரிவில் செங்குத்துப் பாறையில் பொருத்திய இரும்பு ஏணிகள் வரும் துண்டையும் கொல் தே மொன்தே வழியாகச் சுற்றித் தவிர்க்கலாம்.

## ஊரிலேயே செய்து பார்க்க வேண்டிய சோதனை

எந்த வழி தனக்குப் பொருந்தும் என்பதை அட்டவணையைவிடத் தெளிவாகச் சொல்லக்கூடியது சிவனொளிபாதமலை. டிசம்பர் முதல் மே வரை அதன் பருவகாலம். நல்லதண்ணி வழியில் ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏற்றமும் அதே அளவு இறக்கமும், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளும் இருக்கின்றன. இது குடில்நடையின் ஒரு நாளுக்கு ஏறத்தாழச் சமமான வேலை. ஏறி இறங்கிவிட்டு அன்று மாலை உடல் சொல்வதை வைத்து முடிவு செய்யாமல், மறுநாள் காலையிலும் அதற்கடுத்த நாள் காலையிலும் படியிறங்கிப் பார்க்க வேண்டும். இரண்டு நாளிலும் கைப்பிடியைப் பற்றாமல் இறங்க முடிந்தால் பத்து நாள் திட்டம் கைகூடும். தொடைவலி மட்டும் இருந்தால் அது பயிற்சியால் தீரக்கூடியது. முழங்கால் மூட்டு வீங்கினால், மருத்துவரைப் பார்த்துவிட்டு மூன்றாம் வழியை எண்ண வேண்டும். ஏழு நாள் விரைநடையை விரும்புபவர் மறுநாளே இன்னொரு மலை ஏறிக் காட்டினால்தான் தன் கேள்விக்கு விடை பெறுவார்.

கல்லடிப் பாலத்தின் ஏற்ற இறக்கம் மலைப் பயிற்சிக்குப் போதாது. மட்டக்களப்பிலிருந்து செங்கலடி, மகா ஓயா, பிபிலை, பசறை வழியே பதுளைக்கும், அம்பாறையிலிருந்து சியம்பலாண்டுவை, மொணராகலை வழியே எல்ல என்னும் ஊருக்கும் பேருந்தில் போய்விடலாம். 2,036 மீட்டர் உயரமான நமுனுகுலவும் எல்லப் பகுதிக் குன்றுகளும் அங்கே இருக்கின்றன. ஆனி, ஆடி மாதங்களில் ஹட்டன் பக்கம் பருவமழையில் நனையும்போது ஊவாப் பக்கம் பெரும்பாலும் காய்ந்திருக்கும் என்பதால், சிவனொளிபாதமலைப் பருவம் முடிந்த பின்னும் இங்கே பழகலாம். தசை ஒருமுறை நல்ல இறக்கத்தைச் சந்தித்துத் தேறிவிட்டால், அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கம் அவ்வளவு சிதைவை உண்டாக்குவதில்லை. ஆகவே விமானம் ஏறுவதற்கு இரண்டு மூன்று வாரத்துக்குமுன் ஒரு பெரிய இறக்கத்தை முடித்துவிட்டுப் போவது மிகுந்த பயன் தரும்.

## மாதமும் முன்பதிவும்

குடில்கள் பெரும்பாலும் ஜூன் நடுப்பகுதியிலிருந்து செப்டெம்பர் நடுப்பகுதி வரையே திறந்திருக்கும். ஜூனிலும், சில ஆண்டுகளில் ஜூலைத் தொடக்கத்திலும் உயர்ந்த கணவாய்களில் பழைய பனி படிந்திருக்கும்; பனியில் நடந்தறியாத நமக்கு அது வேண்டாம். ஆகஸ்ட் இறுதியில், 2003 இல் தொடங்கப்பட்ட புகழ்பெற்ற ஓட்டப் போட்டி இதே சுற்றில் நடைபெறுகிறது. அதில் முழுச் சுற்றையும் 46 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று கேள்விப்படுவதால்தான் பிள்ளைகளுக்கு ஆறு நாள் என்பது நிதானமாகத் தோன்றுகிறது. அந்த வாரத்தில் தங்குமிடம் கிடைப்பது அரிது. கதிர்காம யாத்திரையையும் விட மனமில்லாதவர், கொடியேற்றத்துக்கு நடந்து போய்வந்து, உடலைத் தேற்றிக்கொண்டு, செப்டெம்பர் முதல் இரு வாரங்களில் மலைச்சுற்றை வைத்துக்கொள்ளலாம். பகல் சற்றுக் குறுகியிருக்கும். காலைக் குளிர் கூடியிருக்கும். ஆனால் இடிமழை குறைந்து, குடில்களில் கூட்டமும் தணிந்திருக்கும்.

இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவருக்கு ஒரு சிக்கல் இங்கே உண்டு. இம்மூன்று நாட்டுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்னர் விண்ணப்பிக்க முடியாது. குடில்களோ அதற்கு முன்னரே நிரம்பத் தொடங்குகின்றன. விசா கிடைக்குமா என்று தெரியுமுன்னே முற்பணம் கட்ட வேண்டியிருப்பதால், ஒவ்வொரு குடிலிலும் எந்தத் தேதி வரை பணம் திரும்பக் கிடைக்கும் என்பதைப் பதிவுக்கு முன்னரே எழுதிக் கேட்டுக்கொள்வது நல்லது. விசாவுக்காக எடுக்கும் பயணக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்க வேண்டும் என்பது விதி. ஆனால் அது மலைநடையையும் ஹெலிகொப்டர் மீட்பையும் ஏற்கிறதா, எந்த உயரம் வரை ஏற்கிறது, ஏற்கனவே உள்ள நோய்களை ஏற்கிறதா என்பவற்றைப் பத்திரத்தில் தேடிப் படிக்க வேண்டும். பிரான்ஸில் அரச மலைமீட்புப் பணிக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. சுவிஸில் அந்தச் செலவு மீட்கப்பட்டவரையோ அவருடைய காப்புறுதியையோ சேரும். மூன்று நாட்டிலும் அவசர அழைப்பு எண் 112.

பதிவு செய்யும்போது கூர்மயரில் இரண்டு இரவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். லே ஊஷில் தொடங்கியவருக்கு அது ஏறத்தாழச் சுற்றின் நடுப்பகுதி. மருந்துக்கடையும் மருத்துவரும் ஷமொனிப் பேருந்தும் உள்ள ஊர். அங்கே ஒரு பகல் ஓய்ந்திருந்து, முழங்காலைத் தொட்டுப் பார்த்து, மீதியை நடப்பதா, சுவிஸ் துண்டைப் பேருந்தில் கடப்பதா, திரும்பிவிடுவதா என்பதை அப்போது முடிவு செய்யலாம்.